வீட்டுப் பள்ளிக்கூடமும் மீன்காட்சிச்சாலையும்

மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது கல்லூரிக்கால நினைவுக் கட்டுரை ஒன்று. எழுபதைத் தாண்டிய பழைய மாணவனிடம் அவ்வாறு கேட்டால் வருவது எதுவென்று அவர்கள் அறியாதவரல்லர்: பிரம்படி பட்ட வரலாறு, கடன்பட்டுத் தேநீர் குடித்த வரலாறு, உதைபந்தாட்டத்தில் ஒரு கோலினால் தோற்ற வரலாறு. இவற்றை எம்மினும் சுவைபட எழுத வல்லார் இம்மலரிலேயே பலர் இருப்பர். நாம் எழுத எண்ணியது வேறொன்று. 2022 ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில், எம் பேரப்பிள்ளைகள் இருவரைத் தெகிவளை மீன்காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்று மீண்ட கதை அது. கல்லூரிக்கும் அதற்கும் உள்ள தொடர்பு போகப் போகத் தெரியவரும். தெரியாவிடின் குற்றம் எம்முடையதே.

எமது ஊர் குறிஞ்சாக்கேணி. குறிஞ்சாக் கொடியும் கேணியும் சேர்ந்தமைந்த பெயர். குறிஞ்சா இலையைச் சுண்டிச் சோற்றோடு உண்ணும் வழக்கம் இன்னும் அற்றுப் போகவில்லை. கேணியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. எப்பக்கம் திரும்பினும் தண்ணீர்தான். கிண்ணியாப் பட்டினத்துக்கும் எமக்கும் இடையிற் களப்பு நீர் கிடக்கிறது. கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் மற்றொரு நீர். ஆகவே நாம் கல்லூரியிற் பயின்ற காலத்தில், கிழமை நாட்களில் பட்டினத்து உறவினர் வீட்டில் தங்கி, வெள்ளி பின்னேரம் ஊர் திரும்புவோம். கிண்ணியாத் துறையில் வண்டிகளையும் மனிதரையும் ஏற்றிக் கடத்திய மிதவையை எம்மவர் 'பாதை' என்றே அழைப்பர். திங்கட்கிழமை பிந்திச் சென்று, "பாதை வரவில்லை, சேர்" என்றால், பட்டினத்து ஆசிரியர்களுக்கு அது விளங்காது. "பாதை வருமா? நீயன்றோ பாதையில் வரவேண்டும்!" என்பார் ஒருவர். வகுப்பே சிரிக்கும். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபோது அந்த நகைச்சுவைக்கும் ஆயுள் முடிந்தது. திறந்த காலத்தில் இலங்கையின் மிக நீண்ட பாலம் அதுவே. அதன்மீது முதன்முறை பஸ்ஸிற் சென்ற அன்று, கடந்த நேரத்தைக் கைக்கடிகாரத்திற் பார்த்தோம். ஒரு நிமிடமும் ஆகவில்லை.

ஊருக்குள் இருந்த சிறு பாலத்தின் கதை வேறு. பழையதை அகற்றிப் புதியது கட்டப் புகுந்த காலத்தில், அவ்விடத்திலும் ஒரு மிதவைப் பாதை ஓடத் தொடங்கியது. 2021 நவம்பர் 23 ஆம் நாள் காலை, பள்ளிக்கூடம் செல்லும் நேரத்தில் அது கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. அவர்களிற் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். வைத்தியசாலையிற் கிடந்து பின்னர் இறந்தவரும் உளர். கொள்ளை நோய்க் காலத்தில் நெடுநாள் மூடிக்கிடந்த பாடசாலைகள், ஒக்டோபர் பிற்பகுதி முதற் படிப்படியாகத் திறக்கப்பட்டு வந்த வேளை அது. சீருடை குட்டையாகிவிட்டதென்று புதிதாகத் தைத்துக் கொடுத்திருந்தனர் தாய்மார்.

எம் பேரனும் பேத்தியும் அந்த ஓட்டத்தில் ஏறவில்லை. அப்போதுதான் துறையை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். அவனுக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு ஒன்பது. அவர்கள் கண்டது எது, காணாதது எது என்று நாம் இன்றுவரை கேட்டதில்லை.

அன்று மாலை எம் மகள், "இனி என் பிள்ளைகளை அனுப்பமாட்டேன்" என்றாள். அவளோடு வாதிட எமக்கு வாய் வரவில்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கிண்ணியாவைத் தாக்கியபோது அவள் பதினைந்து வயதுச் சிறுமி. கடல் வைத்தியசாலைக்குள்ளும் புகுந்த நாள் அது. ஒரே வாழ்நாளில் இரண்டு முறை தண்ணீர் வந்து கேட்டால் எந்தத் தாய்தான் பொறுப்பாள்? அவள் கணவன் கட்டாரில் வேலை. தொலைபேசியில் அவரும், "நீங்கள் முடிவு செய்யுங்கள், மாமா" என்று எம்மிடமே பாரத்தை வைத்துவிட்டார்.

இவ்வாறு எமது வீட்டு விறாந்தையில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. பழகாத வேலையன்று. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் முதன்முறை மூடப்பட்டதிலிருந்து, தொலைபேசியின் சிறு கண்ணாடிக்குள் வந்து வந்து மறையும் பாடங்களை நம்பியிராமல், நாமே கற்பித்து வந்தோம். முப்பத்து மூன்று ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு மாணாக்கர் இருவர் கிடைத்தது மகிழ்ச்சியே. காலையிற் கணிதமும் விஞ்ஞானமும் எம்மிடம். தமிழும் ஓதலும் தாயிடம். பிற்பகலில் வரைதல் என்று அட்டவணையில் எழுதியிருந்தோம். அந்நேரத்தில் ஆசிரியர் உறங்கிவிடுவதால் மாணாக்கர் முற்றத்திலிருப்பர்.

ஆயினும் நெஞ்சுக்குள் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. இந்நாட்டில் ஐந்து வயது முதற் பதினாறு வரை பிள்ளைகளுக்குக் கல்வி கட்டாயமெனச் சட்டம் இருக்கிறது. வீடு வீடாகச் சென்று, "பிள்ளையை ஏன் அனுப்பவில்லை?" என்று பெற்றோரைக் கேட்ட ஆசிரியர் நாமே. இப்போது ஓர் இளம் ஆசிரியை எமது வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்து, எதுவும் கேளாமலே திரும்பிப் போனார். கேட்டிருந்தால் எமக்கு இலேசாக இருந்திருக்கும்.

பேரன் விரைவில் தேறினான். பேத்திதான் தேறவில்லை. படிப்பிற் குறையில்லை; தண்ணீரென்றால் மாத்திரம் ஆகாது. வாளிக்குள் கைவிடமாட்டாள். தொழுகைக்கு வுழூச் செய்வதற்கும் யாராவது குவளையால் ஊற்றவேண்டும். மழை பெய்து முற்றத்தில் நீர் தேங்கினால் விறாந்தைப் படியை விட்டு இறங்கமாட்டாள். குறிஞ்சாக்கேணியில், அதுவும் மாரி காலத்தில், தண்ணீரைக் கண்டு அஞ்சும் பிள்ளை எப்படி வாழும்?

ஒரு நாள் விஞ்ஞானப் புத்தகத்தில் மீன் ஒன்றின் படம் வந்தது. செட்டை, செவுள், செதில் என்று பெயர் எழுதப் பழக்கும் வழக்கமான படம். அவள் அந்தப் படத்தின்மேல் விரலை வைத்து நெடுநேரம் இருந்தாள். பிறகு, "இது மட்டும் எப்படி மூச்சு விடுகிறது, மூத்த வாப்பா?" என்றாள். 'இது மட்டும்' என்ற சொல் எம்மைத் தைத்தது. செவுளைப் பற்றிச் சொன்னோம். ஒரு லீற்றர் காற்றில் இருநூறு மில்லிலீற்றருக்கு மேல் ஒட்சிசன் உண்டு, ஒரு லீற்றர் தண்ணீரில் கரைந்திருப்பது பத்து மில்லிலீற்றருக்கும் குறைவு. அந்தச் சிறு அளவை வடித்தெடுக்கவே மீனின் செவுள் அத்தனை மெல்லிய இதழ்களாக அமைந்திருக்கிறது. எமது நுரையீரலுக்கு அந்த வேலை தெரியாது என்றோம். அவள் கேட்டுக்கொண்டாள். அன்றிரவுதான் எமக்குத் தெகிவளை நினைவு வந்தது.

1964 ஆம் ஆண்டில் எம் வகுப்பு மாணவரைக் கல்லூரி விஞ்ஞான ஆசிரியர் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். இரவுப் புகைவண்டி, ஆளுக்கொரு சோற்றுப் பொட்டலம். துறைமுகம், நூதனசாலை, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. யோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மானியர், வெளிநாடுகளுக்கு அனுப்பவேண்டிய விலங்குகளைக் கட்டிவைத்திருந்த இடமே அது. 1936 இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. மற்ற மாணவர் யானையாட்டத்தைக் காண ஓடினர். நாமும் இன்னும் இருவரும் மீன்காட்சிச்சாலையில் ஆசிரியரோடு அகப்பட்டுக்கொண்டோம். 'அகப்பட்டுக்கொண்டோம்' என்றுதான் அன்று எண்ணினோம். அவர் ஒரு கண்ணாடித் தொட்டியின் முன் நின்று, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, சோற்றுப் பொட்டலம் சுற்றியிருந்த கடதாசியில் ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு எமக்கு மறக்கவில்லை. அதனை இவ்விரு பிள்ளைகளுக்கும் அதே இடத்திற் காட்டவேண்டுமென்று ஆசை பிறந்தது.

மகள் இணங்க ஒன்பது நாட்கள் சென்றன. "தண்ணீரைக் காட்டவா கொழும்புக்குக் கொண்டுபோகிறீர்கள்?" என்றாள். "தண்ணீர் கண்ணாடிக்குள் இருக்கும், மகள். பிள்ளை வெளியில் நிற்கும்" என்றோம். பத்தாம் நாள் அவளும் கூட வருவதாகச் சொல்லி, இடியப்பமும் சம்பலும் கட்டினாள்.

ஊரிலிருந்து சுற்றுப்பாதையாகவே கிண்ணியாவை அடைந்தோம். அங்கிருந்து பஸ். பெரிய பாலம் வந்ததும் பேத்தி தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தாள். பேரன் தான் அஞ்சாதவன் என்பதைக் காட்ட யன்னலோரம் அமர்ந்து உரத்த குரலில் விளக்குத் தூண்களை எண்ணினான். எண்ணிய குரல் சற்றே நடுங்கியதை நாம் கவனித்தோம், கவனியாதவர்போல் இருந்தோம்.

திருகோணமலைக்குப் புகைவண்டி வந்தது 1927 இல். அந்த வழியில் இரவுப் பயணம் அன்றும் இன்றும் ஒன்றே: கல்லோயாச் சந்தியில் நெடுநேரம் நிற்கும்; யாராவது ஒருவர் தேநீர் வாங்க இறங்கி வண்டியைத் தவறவிடப் பார்ப்பார். விடியுமுன் கொழும்புக் கோட்டையில் இறங்கினோம். எல்லோர் முகத்திலும் முகக்கவசம். தெகிவளைக்குச் செல்லும் வண்டி கடலை ஒட்டியே ஓடுமென்பது எமக்குத் தெரியும். எனினும் அதனை எண்ணாமற் போனோம். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் வலப்புறம் முழுவதும் அலை. தண்டவாளக் கற்களில் வந்து மோதுகிறது. பிள்ளை அலறவில்லை, எழுந்து இடப்புற ஆசனத்துக்குப் போய்ச் சுவர்களையும் மதில்களையும் பார்த்துக்கொண்டு வந்தாள். முப்பத்து மூன்று ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர் செய்த பிழை இது. பஸ்ஸில் வந்திருக்கலாம்.

மீன்காட்சிச்சாலைக்குள் இருள். அறுபதாண்டுக்கு முன் நாம் கண்ட இருளே. இருபுறமும் ஒளியேற்றிய தொட்டிகள். இத்தகைய காட்சிச்சாலைகளின் வரலாறு அவ்வளவு பழையதன்று. இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் 1853 இல் மீன்களுக்கென ஒரு மனை திறந்தனர். சென்னைக் கடற்கரையில் 1909 இல் ஒன்று திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது. அதற்கு முன் மீனைக் காணவேண்டுமாயின், ஒன்று வலையிற் காணவேண்டும், அன்றேல் சட்டியிற் காணவேண்டும். எம் பேரன் அந்தப் பழைய கொள்கையினன். ஒவ்வொரு தொட்டியின் முன்னும் நின்று, "இது கறிக்கு ஆகுமா?" என்று கேட்டான். சிங்கமீனைக் கண்டபோதும் கேட்டான். அதன் முதுகு முள்ளில் நஞ்சுண்டு, ஆனால் முள்ளை நீக்கிவிட்டால் உண்ணலாம் என்றோம். எம் கடற்பரப்புக்குரிய அம்மீன் அத்திலாந்திக் சமுத்திரத்துட் புகுந்து அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. அமெரிக்காவிலே, பிடித்துச் சமைத்துத் தின்னுங்கள் என்று மக்களைத் தூண்டுகின்றனர் என்றும் சொன்னோம். அவன் மிகவும் மகிழ்ந்தான். பேத்தை மீனைக் கண்டதும், "இது ஆகாது. எனக்கே தெரியும்" என்று பெருமையாகச் சொன்னான். கிண்ணியாச் சந்தையில் வளர்ந்த பிள்ளை அல்லவா!

பேத்தி முதலில் நடுவழியில் நின்றாள். இருபுறத் தொட்டிகளுக்கும் சம தூரத்தில், அளந்து நிறுத்தியதுபோல. தாய் கையைப் பிடித்திருந்தாள். அவளை முதலில் இழுத்தது கோமாளி மீன். செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டை. கடற்சாமந்தியின் கைகளுக்குள் நுழைந்து நுழைந்து வந்தது. அந்தக் கைகள் பிற மீன்களைக் குத்தும்; இதற்கோ உடலைச் சுற்றிய ஒரு வழுவழுப்பான பூச்சுக் காப்பாக இருக்கிறது என்றோம். அவள் ஓர் அடி முன்வந்தாள். அடுத்த தொட்டியிற் கடல்விலாங்கு ஒன்று, கல் இடுக்கிலிருந்து தலையை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடியது. அவள் பின்வாங்கினாள். "கோபமா அதற்கு?" என்றாள். கோபமில்லை, அது மூச்சு விடுகிறது. வாயால் நீரை உள்ளே இழுத்துச் செவுளின்மேற் செலுத்துகிறது என்றோம். அந்த மீனை அவள் நெடுநேரம் பார்த்தாள். முகக்கவசத்துக்குள் அவளும் வாயைத் திறந்து மூடிப் பார்ப்பது துணியின் அசைவிற் தெரிந்தது. எமது மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மங்கியிருந்தது. கழற்றித் துடைத்துக்கொண்டோம்.

பிறகு பெரிய தொட்டி ஒன்றின் முன் வந்தோம். அங்கேதான் அவள், நாம் காத்திருந்த கேள்வியைக் கேட்டாள்: "கண்ணாடி உடையாதா?"

பென்சிலை எடுத்தோம். தொட்டியின் நீர் ஒரு மீற்றர் உயரமென்றும், கண்ணாடி இரண்டு மீற்றர் அகலமென்றும் கொள்வோம். மேல் விளிம்பில் நீரின் அழுத்தம் இல்லை. அடியில் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு தொன் எடை. சராசரி அரைத் தொன். இரண்டு சதுர மீற்றருக்கு ஒரு தொன். அதாவது இந்தக் கண்ணாடியை ஒரு சிறிய மோட்டார் வண்டியின் எடை தள்ளிக்கொண்டிருக்கிறது. இதுவரை அவளுக்கு அச்சமே கூடியது. இனித்தான் எம் ஆசிரியரின் கணக்கு. "இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முழத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று வை. அல்லது, எமது கொட்டியாரக் குடா முழுவதும் இருக்கிறது என்று வை. எது கூடத் தள்ளும்?"

"குடாதான்" என்றனர் இருவரும் ஒரே குரலில். 1964 இல் நாமும் அதையே சொன்னோம்.

இரண்டும் ஒன்றே. நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்ததன்று. ஒரு மீற்றர் ஆழமென்றால், பின்னாற் கிடப்பது தொட்டியானாலென்ன, கடலானாலென்ன, கண்ணாடி அசைவற்ற நீரில் உணர்வது அந்த ஒரு மீற்றரையே. ஒல்லாந்தர் நாட்டுக் கணிதர் சீமன் ஸ்ரெவின் 1586 இல் எழுதிவைத்த உண்மை இது. அலைக்கும் ஓட்டத்துக்கும் இது பொருந்தாதென்பதையும் மறைக்கவில்லை. ஆழிப்பேரலையைக் கண்ட பெண் பக்கத்தில் நின்றாள். ஆயினும் 'குடா முழுவதும் தள்ளாது' என்ற செய்தி பிள்ளையின் முகத்தில் எதையோ இளக்கியது. அவள் முன்வந்து, விரல் நுனியாற் கண்ணாடியைத் தொட்டாள். பின் உள்ளங்கையை வைத்தாள்.

இன்னும் ஒன்று சொன்னோம். கண்ணாடிக்கு நேரே நின்று பார்த்தால் மீன் அதன் உண்மைத் தூரத்தில் ஏறக்குறைய முக்காற் பங்கிலேயே இருப்பதுபோலத் தோன்றும். ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வருகையில் முறிவதே காரணம். அதே முறையில், கரையில் நின்று குனிந்து பார்ப்பவனுக்கு நாலடி ஆழம் மூன்றடியாகத் தெரியும். "களப்பிலுமா?" என்றான் பேரன். களப்பிலுந்தான். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு அந்த ஓரடி எவ்வளவு பெரியதென்று விளக்கவேண்டியிருக்கவில்லை.

அவள் கையைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமலே கேட்டாள்:

"கண்ணாடி எவ்வளவு தடிப்பு வேண்டுமென்று யார் கணக்குப் பார்த்தது, மூத்த வாப்பா?"

"இதைக் கட்டியவர்கள்."

"மீனுக்காகவா?"

"மீனுக்காகவும், பார்க்க வருபவர்களுக்காகவும்."

"பாதைக்கு யார் கணக்குப் பார்த்தது?"

எம் மகள் எம்மைப் பார்த்தாள். ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் விடை ஒன்று நாவின் நுனிவரை வந்தது: அது பெரியவர்கள் விஷயம், மகள். சொல்லவில்லை. ஏனெனில் அந்தப் பாதையில் நாமும் சென்றிருக்கிறோம். விபத்துக்கு முந்திய கிழமையில், ஓய்வூதியம் எடுக்கச் சென்றபோது, மோட்டார்ச் சைக்கிள்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் நெருக்குண்டு நின்றோம். கரையை அடையுமுன் எல்லோரும் இறங்குகிற பக்கத்துக்கு நகர்ந்தனர். மிதவை அப்பக்கம் சாய்ந்ததைக் கால் உணர்ந்தது. மிதக்கும் பொருளின் சமநிலையை முப்பத்து மூன்று ஆண்டு கரும்பலகையில் வரைந்தவன் என்ன செய்தான்? ஓரடி நடுவுக்கு நகர்ந்துகொண்டான். கரையேறி, எவரிடமும் ஒரு சொல் சொல்லாமல் தபாற்கந்தோருக்கு நடந்தான். சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். எத்தனை பேர் ஏறலாமென்று அவர்களைக் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு துண்டுக் கடதாசியிற் போட்டுப் பார்க்கவும் இல்லை.

"மூத்த வாப்பா பார்க்கவில்லை" என்றோம். "பார்த்திருக்கலாம்."

அவள் தலையை ஆட்டினாள். குற்றஞ்சாட்டும் தோரணை அதில் இல்லை. பாடக் குறிப்பில் ஒரு விடையை எழுதிக்கொண்டதுபோல இருந்தது. பேரன் வந்து, யானையைப் பார்க்கவேண்டுமென்றான். எல்லோரும் யானையைப் பார்க்கப் போனோம். மர நிழலில் இடியப்பம் உண்டோம். ஒட்டகச்சிவிங்கியும் நன்று. அவற்றைப் பற்றி எழுதி மலரின் பக்கங்களை நிரப்ப விரும்பவில்லை. திரும்பும்போது பெரிய பாலத்தை அவள் கண் திறந்து பார்ப்பாளோ என்று ஆவலோடிருந்தோம். பிள்ளை அயர்ந்து உறங்கிவிட்டாள். பாலத்தைக் கடந்ததே அவளுக்குத் தெரியாது.

அடுத்த நாட் காலைப் பாடத்தை அவளே குறித்தாள்: பாதைக் கணக்கு. குசினியிலிருந்து ஒரு பேசினில் தண்ணீர், ஜாம் போத்தலின் மூடி ஒன்று, ஒரு கிண்ணம் புளியங்கொட்டை. மூடியை மிதக்கவிட்டு நடுவிலே ஒவ்வொன்றாகக் கொட்டை வைத்தோம். முப்பத்தெட்டு வரை தாங்கியது. பின் ஓர் ஓரமாக வைத்தோம். பதின்மூன்றாவது கொட்டையில் விளிம்பு நீருள் இறங்கி மூடி கவிழ்ந்தது. பத்தாவது, பதினோராவது வரை அவ்வளவு தோன்றாது. சாயத் தொடங்கியதும் வைத்த கொட்டைகளும் சரிந்த பக்கத்துக்கே உருண்டு மேலும் சாய்க்கும். "கொட்டைகள் பயந்து ஒரு பக்கம் ஓடுகின்றன" என்றாள் பேத்தி. அது சரியான விளக்கமன்று. ஆனால் அதனைத் திருத்த எமக்கு மனம் வரவில்லை. மூடி கவிழ்ந்தபோதெல்லாம் கொட்டைகள் அடியில் அமிழ்ந்தன. ஒவ்வொரு முறையும் அவளே சட்டைக் கையை மடித்து, முழங்கைவரை நீருள் விட்டுத் துழாவி எடுத்தாள். மூன்றாம் முறையிலேதான் நாம் அதைக் கண்டோம். நிமிர்ந்தபோது மகள் குசினி வாசலில் நிற்கிறாள். அவளும் கண்டுவிட்டாள். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பேரன் மட்டும், அரை மூடிக்கு எத்தனை கொட்டை என்று புதிய கணக்கொன்று கேட்டுத் தொல்லை கொடுத்தான்.

இக்கல்லூரியை 1920 களில் நடத்திய சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி என்பதைப் பழைய மாணவர் பலர் மறந்துவிடுகிறோம்; யாழ்நூல் ஆசிரியர் என்றே நினைக்கிறோம். அவர் காலத்துக்கு நெடுநாட் பின்னரே நாம் வந்தோம். ஆயினும் 1964 இற் சோற்றுப் பொட்டலக் கடதாசியில் எமக்குக் கணக்குப் போட்டவர், சிறுபிள்ளையாய் அவரைக் கண்டவர்களிடம் பயின்றவர். ஓர் இந்துக் கல்லூரியிற் படித்த முஸ்லிம் பிள்ளையின் வீட்டு விறாந்தையில், ஜாம் போத்தல் மூடியில் அந்தக் கணக்கு வந்து நின்றது. கல்லூரித் தொடர்பு என்று தொடக்கத்திற் சொன்னது இதுதான்.

2022 இல் நோன்புப் பெருநாள் கழிந்து பாடசாலை திறந்தபோது, எம் மகளே பிள்ளைகளின் சீருடையை எடுத்து மினுக்கிவைத்தாள். சுற்றுப்பாதையாற் செல்லும் வாடகை வான் ஒன்றில் இடம் பேசினோம். எரிபொருளுக்கு நாடு முழுவதும் வரிசை நின்ற காலம். மூன்று வான் ஓடிய வழியில் ஒன்றே ஓடியது. முதல் நாள் அது வந்து வாசலில் நின்றதும், பேத்தி ஏறுமுன் கதவடியில் நின்று உள்ளே விரலை நீட்டி எண்ணினாள். பன்னிரண்டு பேர் இருக்கத்தக்க வண்டியிற் பத்தொன்பது பிள்ளைகள். "நான் அடுத்த ஓட்டத்துக்கு வருகிறேன்" என்று சாரதியிடம் சொல்லிவிட்டு எம் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். பேரன் சற்று வெட்கப்பட்டான். பிறகு அவனும் இறங்கினான். சாரதி எம்மைப் பார்த்தார், நாம் தலையிட்டுப் பிள்ளைகளை ஏற்றுவோமென்று. நாம் அசையவில்லை.

அடுத்த ஓட்டம் வர முக்கால் மணி நேரமாயிற்று. வகுப்பாசிரியைக்குக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தோம்: வாகனத்தில் ஆட்கள் கூடுதலாக இருந்தமையாற் பிள்ளைகள் பிந்தி வருகின்றனர், மன்னிக்கவும். மறுநாளும் அதே கடிதத்தை எழுத நேர்ந்தது. திகதியை மட்டும் மாற்றினோம்.